ஜெர்மானியர்களும் அமைதிவாதமும்: 1945ல் வாங்கிய அடிக்குப் பிறகு வந்த ஞானமா?

#1 வைகைத்தண்ணி

நேற்று யூடியூபில் ஒரு விவாதம் பார்த்தேன். பேசியவர் அடித்துவிட்டார்: "ஜெர்மன்காரன் ரத்தத்திலேயே போர்தான் ஓடுது. ரெண்டு தடவை உலகத்தைக் கொளுத்தினான். ரெண்டாவது தடவை நல்லா வாங்கினான். அப்புறம்தான் சமாதானம் பேசக் கத்துக்கிட்டான்." கீழே பாராட்டுகள் குவிந்து கிடக்கின்றன.

எனக்கு இது உறுத்துகிறது. நிரந்தர அமைதி பற்றி ஜெர்மன் தத்துவஞானி காண்ட் தன் நூலை எழுதியது 1795ல். நிலையான படைகள் காலப்போக்கில் ஒழிக்கப்பட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. 1945க்கு முன்பே ஸ்ட்ரெஸ்மான், க்விடே, ஒஸ்ஸீட்ஸ்கி என்று மூன்று ஜெர்மானியர்கள் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிவிட்டார்கள். அடி வாங்கிய பிறகு வந்த ஞானம் என்றால் இவர்களெல்லாம் யார்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 சண்டைக்கோழி

காண்ட் புத்தகம் எழுதினார், சரி. அவர் நாட்டு ராஜா அதைப் படித்துவிட்டுப் படையைக் கலைத்தாரா? உங்கள் மூவரில் ஸ்ட்ரெஸ்மானைத் தள்ளிவிடுங்கள். முதல் உலகப் போரில் பக்கத்து நாட்டு நிலத்தைப் பிடுங்க வேண்டும் என்று பேசியவர் அவர். பின்னால் வெளியுறவு அமைச்சராகி பிரான்சோடு சமரசம் செய்தார், அது ராஜதந்திரம். நோபல் பட்டியலை வைத்து ஒரு ஜனத்தை எடைபோட முடியாது. எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களால் என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள்.

#3 ஏட்டுச்சுரை

கோழியாரே, நியாயமான கேள்வி. ஆனால் நான் காண்டிலிருந்து தொடங்க மாட்டேன். போலந்தின் விஸ்துலா ஆற்றுக் கழிமுகத்துச் சதுப்பு நிலத்தில் விவசாயம் பார்த்த மென்னனைட்டுகளிலிருந்து தொடங்குவேன். 16ஆம் நூற்றாண்டில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவு, வளர்ந்த பிறகே ஞானஸ்நானம் என்பவர்கள். வாள் எடுக்கக்கூடாது, சத்தியப் பிரமாணம் செய்யக்கூடாது என்பது கொள்கை. டச்சுப் பகுதியிலிருந்து துரத்தப்பட்டு வந்து, தண்ணீர் நின்ற நிலத்தில் கரை கட்டி, வடிகால் வெட்டி, வயலாக்கினார்கள். அதனால் ஆண்டவர்களுக்கும் இவர்கள் தேவைப்பட்டார்கள்.

1772ல் போலந்தைப் பங்கு போட்டபோது அந்த நிலம் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் கைக்கு வந்தது. படைதான் அந்த அரசின் உயிர். மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் என்ன செய்தார் தெரியுமா? 1780ல் ஒரு சலுகைப் பட்டயம் கொடுத்தார். மென்னனைட்டுகள் படைக்கு ஆள் அனுப்ப வேண்டாம், பதிலாக ஆண்டுக்கு 5,000 தாலர் கட்ட வேண்டும். அந்தப் பணம் எங்கே போனது? கூல்ம் நகரத்தில் இருந்த ராணுவப் பயிற்சிப் பள்ளிக்கு! தன் பிள்ளை துப்பாக்கி தூக்காமல் இருக்க, அடுத்தவன் பிள்ளை அதிகாரியாகப் படிக்கும் பள்ளிக்குப் படியளந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சங்கடமும் வருகிறது.

அதுவும் நிலைக்கவில்லை. அங்கே இன்ன ஊர் இன்ன படைப்பிரிவுக்கு இத்தனை ஆள் தர வேண்டும் என்று கணக்கு இருந்தது. மென்னனைட் ஒரு நிலத்தை வாங்கினால் அந்த வீட்டிலிருந்து சிப்பாய் வரமாட்டான். ஆகவே 1789ல் அடுத்த மன்னர் அவர்கள் புதிதாக நிலம் வாங்குவதற்குக் கட்டுப்பாடு போட்டார். பிள்ளைகள் பெருகுகிறார்கள், நிலம் பெருகாது. அதே காலத்தில் ரஷ்யப் பேரரசி கேத்தரீன் கருங்கடலுக்கு வடக்கே நிலம் தருகிறேன் என்று அழைத்தார். மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டார்கள். 1860களின் கடைசியில் வட ஜெர்மானியக் கூட்டமைப்பு விலக்கை ஒரேயடியாக எடுத்துவிட்டு, வேண்டுமானால் ஆயுதமில்லாத படைப் பணி செய்யலாம் என்றது. கொள்கையில் உறுதியாக நின்ற குடும்பங்களில் பல கப்பலேறி அமெரிக்கா போயின. தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் 1914ல் மற்றவர்களைப் போலவே துப்பாக்கியோடு போனார்கள்.

என் கட்சி இதுதான்: ஜெர்மன் மண்ணில் அமைதிவாதம் முளைக்காமல் இல்லை. அரசு அதற்கு எப்போதும் ஒரு விலை வைத்தது. கட்ட முடிந்தவன் கட்டினான், முடியாதவன் நாட்டை விட்டுப் போனான், இரண்டும் செய்யாதவன் சிறைக்குப் போனான்.

எண்ணிக்கை கேட்டீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன், கேவலமான எண்ணிக்கைதான். ஜெர்மன் அமைதிச் சங்கம் 1892ல் பெர்லினில் தொடங்கியது. முன்னின்றவர்கள் பெர்த்தா ஃபொன் சுட்னரும் ஆல்ஃபிரட் ஃபிரீடும், இருவருமே ஆஸ்திரியர்கள். முதல் உலகப் போருக்கு முன் உறுப்பினர் சுமார் 10,000 பேர். அதே காலத்தில் போர்க்கப்பல் கட்டு என்று கோஷம் போட்ட கடற்படைச் சங்கத்தில், இணைந்த அமைப்புகளையும் சேர்த்தால், 10 லட்சத்துக்கு மேல்.

#4 சண்டைக்கோழி

நூற்றுக்கு ஒன்று. என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

#5 நர்மதா

அண்ணா, அவசரப்படாதீர்கள். அந்தக் கணக்கில் இரண்டு கூட்டங்கள் விடுபட்டிருக்கின்றன. ஒன்று தொழிலாளிகள். அமைதிச் சங்கம் பேராசிரியர்களும் வக்கீல்களும் சந்தா கட்டிய இடம், ஆலைத் தொழிலாளி அங்கே போகவில்லை. அவன் போனது சமூக ஜனநாயகக் கட்சிக்கு. 1913 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் ஒரு கூட்டத்தில், பிரெஞ்சுச் சகோதரன் மீது ஆயுதம் தூக்கச் சொன்னால் மாட்டோம் என்று சொல்லுங்கள் என அந்தக் கட்சியின் ரோசா லக்சம்பர்க் பேசினார். அதற்கு ஓராண்டு சிறை. 1914 ஜூலை 28ல் பெர்லின் தெருக்களில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் போருக்கு எதிராகத் திரண்டார்கள். நாடு முழுக்கக் கூட்டினால் பல லட்சம். 1914 என்றதும் தொப்பியை வீசி ஆர்ப்பரிக்கும் கும்பலின் போட்டோவைத்தான் நாம் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம், இந்த ஊர்வலங்களை யாரும் காட்டுவதில்லை.

இன்னொரு கூட்டம் பெண்கள். 1915 ஏப்ரலில், போர் உச்சத்தில் இருக்கும்போது, ஹேக் நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடினார்கள். எதிரெதிர் நாட்டுப் பெண்கள் ஒரே மண்டபத்தில்! ஜெர்மனியிலிருந்து அனிதா ஔக்ஸ்பர்க், லிடா குஸ்தாவா ஹைமான் போன்றோர் போனார்கள். ஜெர்மன் பெண்கள் சங்கங்களின் கூட்டமைப்பே அதைக் கண்டித்தது. இந்த இருவரும் 1933ல் வெளிநாட்டில் இருந்தபோது ஹிட்லர் பதவிக்கு வந்தார். திரும்பவில்லை. சொத்து பறிபோனது. இருவரும் 1943ல் சூரிக்கில் சில மாத இடைவெளியில் இறந்தார்கள்.

#6 சண்டைக்கோழி

தங்கச்சி, ஜூலை 28ல் ஊர்வலம். ஆகஸ்ட் 4ல் அதே கட்சி நாடாளுமன்றத்தில் போர்க் கடனுக்குக் கை தூக்கியது. நடுவில் ஒரே ஒரு வாரம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#7 ஏட்டுச்சுரை

வெட்கக்கேடு என்றுதான் சொல்ல வேண்டும். ஜார் மன்னன் படையெடுத்து வருகிறான், இது தற்காப்புப் போர் என்று அரசு நம்ப வைத்தது. கட்சியைத் தடைசெய்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. உள்கூட்டத்தில் எதிர்த்த 14 பேரும் கட்சிக் கட்டுப்பாட்டுக்காகச் சபையில் கை தூக்கினார்கள், லீப்க்னெக்ட் உட்பட. டிசம்பர் 2ல்தான் அவர் தனி ஆளாக எதிர்த்து வாக்களித்தார். 1916 மே தினத்தில் பெர்லின் பாட்ஸ்டாம் சதுக்கத்தில் "போர் ஒழிக, அரசு ஒழிக" என்று கூவியபோது பிடித்துக்கொண்டு போனார்கள். லீப்க்னெக்ட் அமைதிவாதி இல்லை, புரட்சிக்காரர், அது வேறு கதை.

அறிவாளிகள் அதைவிட மோசம். 1914 அக்டோபரில் 93 பேர், உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானிகளும் கலைஞர்களும், ஜெர்மன் படை தப்பே செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டு அறிக்கை விட்டார்கள். கேயார்க் நிக்கோலாய் என்ற இதய மருத்துவர் அதற்கு மறுப்பாக ஐரோப்பியர்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுதிப் பலரிடம் கையெழுத்துக் கேட்டார். அவரையும் சேர்த்து நாலே நாலு பேர். அதில் ஒருவர் ஐன்ஸ்டீன். நிக்கோலாய் பதவியிறக்கப்பட்டு, கடைசியில் 1918ல் விமானத்தில் டென்மார்க்குக்குத் தப்பினார்.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லுங்கள் கோழியாரே. 1918 அக்டோபர் கடைசியில், இங்கிலாந்தோடு கடைசியாக ஒரு சண்டை போட்டுவிட்டுச் சாவோம் என்று கடற்படைத் தலைமை முடிவெடுத்தபோது கப்பலை நகர்த்த மறுத்தவர்கள் சாதாரண மாலுமிகள். கொள்கை பேசியவர்கள் இல்லை, சாக விருப்பமில்லாதவர்கள். முடியாட்சியே கவிழ்ந்தது.

#8 ரூர்க்கரை

வணக்கம். நான் 80களின் கடைசியில் இஞ்சை ஜெர்மனிக்கு வந்து, ரூர் பக்கம் வேலை செய்து, இப்ப ஓய்வில இருக்கிறவன். ஒஸ்ஸீட்ஸ்கியைப் பெயரோடு விட்டுவிட்டீங்களே. இஞ்சை அவர் பெயரில தெரு இருக்குது, பள்ளிக்கூடம் இருக்குது. ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் வைக்கவேணும் எண்டு 70களிலேயே கேட்டவை. கட்டடத்தில பெயரை எழுத, மாநில அரசு பொலிஸ் காவலோடு வந்து அழிச்சது. 1991லதான் சட்டப்படி கிடைச்சது. செத்து அம்பது வருசத்துக்குப் பிறகும் அந்தப் பெயருக்குப் பயந்திருக்கினம்.

#9 ஏட்டுச்சுரை

ரூர்க்கரை ஐயா எடுத்துக் கொடுத்துவிட்டார், எழுதுகிறேன். முதலில் ஒன்று. 1920களில் அமைதிவாதம் நூற்றுக்கு ஒன்று இல்லை. 1921ல் 'இனிப் போர் வேண்டாம்' என்று பெர்லின் லுஸ்ட்கார்டன் திடலில் ஒரு லட்சத்துக்கு மேல் கூடினார்கள். அந்தச் சொல்லையே கேத்தே கோல்விட்ஸ் என்ற பெண் ஓவியர் 1924ல் சுவரொட்டியாக வரைந்தார். கை உயர்த்தி நிற்கும் அந்த இளைஞனை எல்லாரும் எங்காவது பார்த்திருப்பீர்கள். அவர் மகன் பீட்டர் 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் செத்தவன். வயது போதாது, அப்பா கையெழுத்துப் போட மறுத்தார், கோல்விட்ஸ்தான் கெஞ்சி வாங்கிக் கொடுத்தார். அந்தக் குற்ற உணர்வோடு உழைத்து, பெற்றோர் இருவர் மண்டியிட்டிருக்கும் சிலைகளை 1932ல் மகன் கிடந்த கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்.

இப்போது ஒஸ்ஸீட்ஸ்கி. 'வெல்ட்பியூனே' என்ற சிறு வார இதழின் ஆசிரியர். முதல் உலகப் போருக்குப் பின் போட்ட வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனிக்கு விமானப்படை கூடாது. ஆனால் சிவில் விமானத்துறை என்ற போர்வையில் ராணுவம் ரகசியமாகக் காசு விடுகிறது என்று 1929ல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் வால்டர் கிரைசர் என்ற விமானப் பொறியாளர். அரசு பொய் என்று சொல்லவில்லை, ரகசியத்தை வெளியிட்டாய் என்று வழக்குப் போட்டது. 1931ல் லைப்சிக் உச்ச நீதிமன்றம் 18 மாதச் சிறை விதித்தது. கவனியுங்கள், ஹிட்லர் ஆட்சி இல்லை, குடியரசு ஆட்சி. கிரைசர் பிரான்சுக்குப் போய்விட்டார். ஒஸ்ஸீட்ஸ்கியையும் நண்பர்கள் போகச் சொன்னார்கள். எல்லை தாண்டிப் போனவனின் குரல் உள்ளே எடுபடாது என்பது அவர் எண்ணம். 1932 மே மாதம் தானாகவே நடந்து போய் டேகல் சிறையில் சேர்ந்தார். வாசல்வரை வழியனுப்ப எழுத்தாளர் கூட்டமே வந்தது.

கிறிஸ்துமஸ் பொது மன்னிப்பில் வெளியே வந்தார். இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும், நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், 1933 பிப்ரவரி 28 அதிகாலையில், தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சோனன்பர்க், அப்புறம் எஸ்டர்வேகன் முகாம். சதுப்பு நிலத்தை வெட்டி வடிகாலாக்கும் வேலை, அடி, காசநோய். 1935ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் புர்க்ஹார்ட் போய்ப் பார்த்தபோது ஒரு கண் வீங்கி, பற்கள் உடைந்து, நிற்க முடியாமல் நின்றிருக்கிறார்.

1936 நவம்பரில் 1935ஆம் ஆண்டுக்கான நோபல் அவருக்கு என்று அறிவித்தார்கள். வேண்டாம் என்று சொல் என நாஜி அமைச்சர் கோரிங்கே நெருக்கினார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்த மனிதர் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஓஸ்லோ போகக் கடவுச்சீட்டு தரவில்லை. பரிசுப் பணத்தில் பெரும்பகுதியை, உதவுகிறேன் என்று வந்த வக்கீல் சுருட்டிவிட்டார். ஹிட்லர் 1937ல் இனி எந்த ஜெர்மானியனும் நோபல் வாங்கக்கூடாது என்று ஆணையிட்டார். அதனால் ரசாயனத்தில் கூன், பூடேனாண்ட், மருத்துவத்தில் டோமாக் மூவரும் அப்போது பரிசை வாங்க முடியாமல் போனது. ஒஸ்ஸீட்ஸ்கி 1938 மே 4ல் போலீஸ் காவலிலேயே இறந்தார்.

கடைசியாக ஒன்று. 1931 தீர்ப்பை மறுவிசாரணை செய்யுங்கள் என்று அவர் மகள் வழக்குப் போட்டார். 1992ல் ஒன்றுபட்ட ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டப்படி அவர் இன்னும் குற்றவாளிதான்.

#10 சண்டைக்கோழி

மனசைப் பிசைகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கசப்பான ஒன்றையும் பேசுவோம். 1983ல் நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஹைனர் கைஸ்லர் சொன்னார்: 30களின் அமைதிவாதம்தான் ஆஷ்விட்ஸ் கொலை முகாமைச் சாத்தியமாக்கியது என்று. பெரிய கூச்சல் எழுந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஹிட்லரை நிறுத்தியது சுவரொட்டியா, டாங்கியா?

#11 நர்மதா

டாங்கிதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கைஸ்லர் செய்தது கண்கட்டு வித்தை. லண்டனிலும் பாரிஸிலும் போர் வேண்டாம் என்று ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு, அவர்களைப் பற்றி அந்த வாதம் வைக்கலாம். ஜெர்மன் அமைதிவாதிகள் மேல் அதை எப்படிப் போடுவது? அவர்கள்தான் 1933ல் முதல் வண்டியில் ஏற்றப்பட்டவர்கள்.

எர்ன்ஸ்ட் ஃபிரீட்ரிஷ் கதை தெரியுமா? 1924ல் முதல் உலகப் போரின் புகைப்படங்களை நாலு மொழி விளக்கத்தோடு புத்தகமாகப் போட்டார். முகத்தில் பாதி போன சிப்பாய்களின் படங்கள். தாடை இல்லை, மூக்கு இல்லை, அப்படியே உயிரோடு இருந்தவர்கள். கூடவே, 'மாவீரன்' என்று கீழே எழுதிய படத்தில் அழுகிக் கிடக்கும் பிணம். பெர்லினில் ஒரு பழைய சிறு வீட்டில் போர் எதிர்ப்பு அருங்காட்சியகமே வைத்தார். வாசலில் இரும்புத் தொப்பியைக் கவிழ்த்துத் தொங்கவிட்டுப் பூச்செடி வளர்த்தாராம். 1933ல் நாஜிக் குண்டர்கள் புகுந்து அடித்து நொறுக்கி, அதை வதைக்கூடமாக மாற்றிக்கொண்டார்கள். அவர் தப்பி பெல்ஜியம் போய், அங்கும் ஜெர்மன் படை வர, பிரான்சில் ஒளிந்து, எதிர்ப்புப் படையில் சேர்ந்து காயம்பட்டவர். கொள்கையை எங்கே நிறுத்துவது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. 1982ல் அவர் பேரன் அதே பெயரில் பெர்லினில் மறுபடி திறந்தார்.

மறுத்து நின்று செத்தவர்களையும் பாருங்கள். போர் தொடங்கி இரண்டே வாரம், 1939 செப்டம்பர் 15. சாக்ஸன்ஹவுசன் முகாமில் கைதிகள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவக் குழுவைச் சேர்ந்த ஆகஸ்ட் டிக்மானைச் சுட்டார்கள். படையில் சேரக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றதுதான் குற்றம். அவருடைய உடன்பிறந்தவரும் அந்த வரிசையில் நின்றார். சுட்டு முடித்ததும், இன்னும் யார் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டார்களாம். அந்தக் குழுவில் நூற்றுக்கணக்கானோர் இப்படி உயிர் விட்டார்கள்.

ஹெர்மன் ஷ்டோர் புராட்டஸ்டண்ட். முதல் போரில் தானாகப் போய்க் கடற்படையில் சேர்ந்தவர், திரும்பி வந்து அமைதிவாதியானார். 1939ல் அழைப்பு வந்தபோது ஆயுதம் வேண்டாம், வேறு வேலை கொடுங்கள் என்றார். 1940 ஜூன் 21ல் பெர்லின் ப்லோட்ஸன்ஸேயில் தலையை வெட்டினார்கள். அவருடைய சொந்தத் திருச்சபை துணைக்கு வரவில்லை. இன்று பெர்லின் கிழக்கு ரயில் நிலையத்தின் முன்னால் இருக்கும் சதுக்கத்துக்கு அவர் பெயர்.

#12 வைகைத்தண்ணி

கேட்டது வீண் போகவில்லை. ஒரு சந்தேகம். 1945க்குப் பிறகு இவர்கள் வழியில் வந்தவர்கள்தான் அமைதி இயக்கம் நடத்தினார்களா, அல்லது எல்லாரும் களைத்துப்போய்விட்டார்களா?

#13 ரூர்க்கரை

தம்பி, ரெண்டும்தான். ஆனால் களைப்புத்தான் கூட. 1950ல திரும்பப் படை கட்டுவம் எண்டு மேற்கு ஜெர்மன் பிரதமர் அடினவர் வெளிக்கிட்டபோது சனம் சொன்னது "என்னை விடு". கொள்கை ஒண்டுமில்லை, வீடு இடிஞ்சு கிடக்குது, மகன் ரஷ்யாவில சிறையில, இன்னொருக்கா யூனிஃபோர்மா எண்ட கோபம். உள்துறை அமைச்சர் ஹைனமான் பதவியையே விட்டார். பின்னாளில ஜனாதிபதியானவர் அவர்தான். 1952ல எஸ்ஸன் நகரத்தில மறுஆயுதமயத்துக்கு எதிரான ஊர்வலத்தில பொலிஸ் சுட்டு ஒரு இளைஞன் செத்தான். எண்டாலும் 1955ல படை வந்தது, அடுத்த வருசம் கட்டாய சேவையும் வந்தது.

ஆனால் ஒரு விசயம் அபூர்வமானது. 1949 அரசியல் சட்டத்தின் 4ஆம் பிரிவில, மனசாட்சிக்கு விரோதமாக ஒருத்தரையும் ஆயுதப் போர்ச் சேவைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது எண்டு எழுதியிருக்கினம். படையே இல்லாத காலத்தில, மறுக்கிற உரிமை முதலில வந்திட்டுது!

எழுதினது சரி, நடைமுறை வேற. மறுக்க விரும்பிறவன் ஒரு குழுவுக்கு முன்னால போய்த் தன்ர மனசாட்சியை நிரூபிக்க வேணும். என்னோட வேலை செய்த ஒருத்தர் 70களில இந்த விசாரணைக்குப் போனவர். அந்தப் பேர்போன கேள்வியை அவரிட்டையும் கேட்டவை: "நீ காதலியோட காட்டு வழியால போறாய். ஒருத்தன் அவளைக் கெடுக்க வாறான். உன்ர கையில துவக்கு இருக்குது. என்ன செய்வாய்?" சுடுவன் எண்டால் நீ அமைதிவாதி இல்லை, படைக்குப் போ. சுடமாட்டன் எண்டால் பொய் சொல்லுறாய், படைக்குப் போ. வாய் உள்ள பிள்ளை, படிச்ச குடும்பத்துப் பெடியன் தப்பிடுவான். சுரங்கத் தொழிலாளியின்ர மகன் தடுமாறுவான். அவரை முதல் தரம் மறுத்திட்டினம், மேல்முறையீட்டில கிடைச்சது. 1977ல ஒரு கடிதம் எழுதிப் போட்டால் போதும் எண்டு சட்டத்தை மாத்தினவை, நீதிமன்றம் அடுத்த வருசமே அடிச்சுப் போட்டுது. 80களின் நடுவிலதான் பெரும்பாலானோருக்கு அந்த வாய்மொழி விசாரணை இல்லாமல் போனது.

ஏற்றுக்கொண்டால் படைக்குப் பதில் சிவில் சேவை. 1961ல தொடங்கினது. முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி, வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போறது. அவர் முதியோர் இல்லத்தில படுக்கையில கிடந்த கிழவர்களைக் குளிப்பாட்டினவர். அவையில பலர் ரஷ்யப் போர்முனைக்குப் போய் வந்தவை. "கோழை எண்டு என்னைத் திட்டிக்கொண்டே என்ர கையாலதான் சாப்பிடுவினம்" எண்டு சிரிப்பார். 2011ல கட்டாய சேவையை நிறுத்தினபோது முதல் அந்தரப்பட்டது ஆஸ்பத்திரிகளும் முதியோர் இல்லங்களும். படைக்கு ஆள் இல்லையே எண்டதைவிட சாப்பாட்டு வண்டி ஓட்ட ஆள் இல்லையே எண்ட கவலைதான் பேப்பரில கூட வந்தது.

#14 ஏட்டுச்சுரை

கிழக்கு ஜெர்மனியை விட்டுவிடாதீர்கள். அரசே தன்னை 'அமைதி நாடு' என்று சொல்லிக்கொண்ட இடம், அதனால் தனியாக அமைதி பேசுகிறவன் எதிரி. ஆனாலும் 1964ல், சோவியத் அணியில் வேறெங்கும் இல்லாத ஒன்றை, திருச்சபை நெருக்கியதால் கொண்டு வந்தார்கள்: ஆயுதமில்லாக் கட்டுமானச் சிப்பாய். சீருடை உண்டு, தோள்பட்டையில் சின்ன மண்வெட்டிச் சின்னம். வேலை முடிந்து வந்தால் கல்லூரியில் இடம் கிடைப்பது கஷ்டம்.

1981 வாக்கில் இளைஞர்கள் சட்டையில் ஒரு வட்டச் சின்னம் தைத்துக்கொண்டார்கள். வாளை அடித்து ஏர்க்கொழுவாக்கும் மனிதன், மீகா தீர்க்கதரிசியின் வசனம். அந்த உருவம் ஐ.நா.வுக்கு சோவியத் யூனியனே அன்பளிப்பாகக் கொடுத்த சிலை! அச்சுக்கு அனுமதி வேண்டும், ஆனால் துணியில் அச்சடிப்பது அந்த விதிக்குள் வராது. திருச்சபை ஆட்கள் அந்த ஓட்டையைப் பிடித்துத் துணியில் அடித்தார்கள். போலீஸ் பிடித்துப் பிய்த்தது, பள்ளியிலிருந்து நீக்கினார்கள். சிலர் சின்னம் இருந்த இடத்தில் வட்டமாக வெட்டிய ஓட்டையோடு சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஓட்டையை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

லைப்சிக் நிக்கோலாய் தேவாலயத்தில் திங்கட்கிழமை அமைதி ஜெபம் 1982ல் தொடங்கியது. பல ஆண்டுகள் ஒரு கை எண்ணிக்கையில் ஆட்கள். 1989 அக்டோபர் 9ல் அங்கிருந்து கிளம்பிய கூட்டம் 70,000. துப்பாக்கி வெடிக்கவில்லை, ஒரு மாதத்தில் சுவர் திறந்தது. "அவர்களால் என்ன நடந்தது" என்று #2ல் கேட்டீர்கள் அல்லவா, கோழியாரே.

#15 சண்டைக்கோழி

லைப்சிக்கை ஒத்துக்கொள்கிறேன். மேற்கை ஒத்துக்கொள்ள மாட்டேன். 1981 அக்டோபரில் பான் நகரத்தில் அணு ஏவுகணைகளுக்கு எதிராக 3 லட்சம் பேர். 1983ல் ஷ்டுட்கார்ட்டிலிருந்து நொய்-உல்ம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் மனிதச் சங்கிலி. ஒரு மாதத்தில் நாடாளுமன்றம் அமெரிக்காவின் பெர்ஷிங் ஏவுகணைகளை அனுமதித்தது, அவை வந்து இறங்கின. 1987ல் ரீகனும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டுத்தான் போயின. அப்புறம் அந்த இயக்கத்தில் பிறந்த பசுமைக் கட்சியின் கதை. 1999ல் கொசோவோவுக்காக யுகோஸ்லாவியா மேல் குண்டு போட ஜெர்மன் விமானங்கள் போனபோது வெளியுறவு அமைச்சர் யார்? அதே கட்சியின் ஃபிஷர். கட்சி மாநாட்டில் சிவப்புச் சாயப் பையால் அவர் காதில் அடித்தார்கள், செவிப்பறை கிழிந்தது. அவர் சொன்னது: இனிப் போர் வேண்டாம் என்பதோடு இனி ஆஷ்விட்ஸ் வேண்டாம் என்பதையும் கற்றேன் என்று. இரண்டும் மோதும்போது அமைதிவாதியிடம் பதில் இல்லை.

#16 நர்மதா

பதில் இல்லைதான். ஃபிஷருக்கும் இல்லை, அதனால்தான் அவ்வளவு கத்தினார். ஆனால் இந்த வாதத்தை அந்தக் கட்சி பகிரங்கமாக, சாயப் பையும் விசிலுமாக, மணிக்கணக்கில் நடத்தியதைப் பாருங்கள். ராணுவத்தை நாட்டுக்கு வெளியே அனுப்பலாமா என்று 1994ல் அரசியல் சட்ட நீதிமன்றம்வரை போனார்கள். ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டால்தான் அனுப்பலாம் என்பது தீர்ப்பு. படையை அனுப்ப அரசுக்கு இப்படிக் கை கட்டிய நாடு ஐரோப்பாவிலேயே குறைவு. அந்தக் கட்டு அமைதி இயக்கமும் போர் நினைவும் சேர்ந்து போட்டது.

#17 ரூர்க்கரை

2022 பிப்ரவரியில அப்ப பிரதமராயிருந்த ஷோல்ஸ் 10,000 கோடி யூரோ படைக்கு எண்டு அறிவிச்ச அண்டு எங்கட தெருவில ஒருத்தரும் சந்தோசப்படவில்லை, ஒருத்தரும் எதிர்க்கவும் இல்லை. 81ல பானுக்கு பஸ் பிடிச்சுப் போன அதே ஆள்தான், நான் மேல சொன்னவர், உக்ரைனுக்கு ஆயுதம் குடுக்கத்தான் வேணும் எண்டார். அவர்ர மனிசி கடைசிவரை இல்லையெண்டு சண்டை. நான் சண்டைக்குள்ள இருந்து ஓடிவந்தவன், வாயைத் திறக்கேல்லை. ஆனால் ஒண்டு தெரியும்: அதுக்குப் பிறகு 4ஆம் பிரிவின் கீழ் மறுப்பு விண்ணப்பம் போடுற ஆக்களின்ர தொகை கூடியிருக்குது, பழைய சிப்பாய்களும் அதில இருக்கினம். கட்டாய சேவை நிறுத்தினபிறகும் அந்தப் பிரிவை ஒருத்தரும் தொடவில்லை.

#18 சண்டைக்கோழி

உங்கள் நண்பர் என் கட்சி. அவர் மனைவியிடம் ஒன்று கேட்க வேண்டும்: கீவ் நகரத்தில் இருந்திருந்தால்...

#19 மட்டுறுத்துநர்

உக்ரைன் தொடர்பான விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். #18ன் மீதிப் பகுதியை அங்கே மாற்றியிருக்கிறேன். இந்த இழை வரலாற்றுக்கு மட்டும் திறந்திருக்கும். இந்தப் பக்கம் வருகிறவர்கள் க்விடே பற்றியும் எழுதலாம். முதல் பதிவில் பெயர் வந்ததோடு சரி, யாரும் தொடவில்லை.

#20 ஏட்டுச்சுரை

சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன். க்விடே இடைக்கால வரலாற்று அறிஞர். 1894ல் ரோமானியப் பேரரசன் கலிகுலா பற்றி ஒரு சிறு நூல் போட்டார். பகட்டு, படை மோகம், மேடையேறும் ஆசை, எல்லாம் பழைய நூல்களிலிருந்தே அடிக்குறிப்போடு. வாசித்தவர்கள் எல்லாரும் இது நம்ம கைசர் வில்ஹெல்ம்தான் என்று புரிந்துகொண்டார்கள். நூல் பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றது. வழக்குப் போட்டால், கலிகுலாவில் கைசரைப் பார்த்தது அரசுத் தரப்பு என்று ஆகிவிடும், ஆகவே அதற்குப் போட முடியவில்லை. வேறொரு பேச்சைப் பிடித்து 1896ல் மூன்று மாதம் உள்ளே வைத்தார்கள். பேராசிரியர் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. 1914 முதல் 1929 வரை அமைதிச் சங்கத் தலைவர், 1927ல் நோபல், 1933ல் ஜெனீவாவுக்கு ஓட்டம், 1941ல் அங்கேயே மரணம். அங்கே இருந்தபோது, தன்னைப் போல ஓடிவந்த அமைதிவாதிகளுக்குக் காசு திரட்டிக் கொடுப்பதுதான் அவருக்கு வேலை.